கல்யாண மேக்கப் ட்ரையலுக்கு எப்படித் தயாராவது? (ஆவணி முகூர்த்தம், கோயில் கல்யாணம்)

ஆவணிப்பெண் எழுதியது:

வணக்கம் அக்காமார்களே. ஆவணியில் எனக்குக் கல்யாணம். காலை முகூர்த்தம் இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில், ரிசப்ஷன் அன்று இரவே ஹோட்டலில். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. ட்ரையல், அதாவது மேக்கப் ஒத்திகை, அடுத்த வாரம் போய் அதற்கடுத்த சனிக்கிழமை, செங்காங்கில் அவர் வீட்டிலேயே.

நான் மாநிறம். முகத்தில் எண்ணெய் வடியும். தினமும் மூக்குக்கண்ணாடி. முடி தோளுக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். வேலைக்குப் போகும்போது லிப்ஸ்டிக்கூட எப்போதாவதுதான், அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆர்ட்டிஸ்ட் அனுப்பிய செய்தியில் "முகம் கழுவிட்டு வாங்க, பிடிச்ச படம் இருந்தா கொண்டு வாங்க" என்று மட்டும் இருக்கிறது. அம்மா முந்தின நாள் ஃபேஷியல் பண்ணிக்கொண்டு போகச் சொல்கிறார். அண்ணி ஒன்றுமே வேண்டாம், சும்மா போய் உட்கார் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இன்னொன்று, அந்த ஆர்ட்டிஸ்டின் இன்ஸ்டாகிராமில் எல்லா மணப்பெண்களும் ஒரே நிறமாக இருக்கிறார்கள். முன்பணம் கொடுத்த பிறகுதான் அண்ணி அதைக் காட்டினார்.

---

பிடோக் பெரியம்மா எழுதியது:

முந்தின நாள் ஃபேஷியலா? வேண்டவே வேண்டாம் கண்ணு. முகம் சிவந்து, ரெண்டு கட்டி கிளம்பினால் ட்ரையல் காசு தண்டம். செய்தே ஆகவேண்டும் என்றால் ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி விடு. அதுவும் ஏற்கெனவே செய்து பழகிய ஃபேஷியலாக இருக்கட்டும், புதுசாக எதையும் முயற்சி செய்யாதே. புருவமும் மேலுதடும் ரெண்டு மூணு நாள் முன்னால் எடுத்துவிடு. ராத்திரி ரெட்டினால் கிரீம் போடுகிற பழக்கம் இருந்தால் திரெடிங், வேக்ஸிங்குக்குச் சில நாள் முன்னாலேயே நிறுத்திவிடு. இல்லையென்றால் முடியோடு தோலும் உரிந்து வரும், பார்த்திருக்கிறேன்.

அண்ணி சொன்னது பாதி சரி. முகத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் வெறுங்கையோடு போகாதே.

---

சீப்பும் கண்ணாடியும் எழுதியது:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். விளம்பரத்துக்கு வரவில்லை, பெயரும் சொல்லப்போவதில்லை. பெரியம்மா சொன்ன "வெறுங்கையோடு போகாதே" என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முக்கால்வாசிப் பெண்கள் ட்ரையலுக்கு வருவது "நான் அழகாக இருக்கிறேனா" என்று பார்க்கத்தான். அது கண்ணாடியில் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். எனக்குத் தெரியவேண்டியது வேறு. கல்யாணத்தன்று எது அவிழும், எது வழியும், எது வலிக்கும் என்பதை ட்ரையலிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். அதனால் அன்றைக்கு உடம்பில் என்னென்ன ஏறப்போகிறதோ, முடிந்தவரை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்: ரவிக்கை, நெத்திச்சுட்டி, மாட்டல், ஜிமிக்கி, ராக்கொடி, ஜடை பில்லை, சவுரி, குஞ்சலம். நகை இன்னும் பேங்க் லாக்கரில் இருக்கிறதென்றால் அதே எடையில் கவரிங் நகை போதும்.

நெத்திச்சுட்டியை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பெட்டியில் பார்க்கும்போது எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும். வகிடெடுத்து வைத்தால்தான் தெரியும். நெற்றி சின்னதாக இருக்கிற பெண்ணுக்குப் பதக்கம் புருவத்தில் வந்து உட்காரும், பேசும்போதெல்லாம் ஆடும். சங்கிலியில் ரெண்டு வளையம் கழற்றினால் சரியாகிவிடும், ஆனால் அதற்குத் தட்டாரிடம் போகவேண்டும். ட்ரையலில் தெரிந்தால் சாவகாசமாகப் போகலாம். முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலு மணிக்குத் தெரிந்தால் பின்னைக் குத்தி இழுத்துக் கட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

முடியை முந்தின நாள் இரவே அலசி நன்றாகக் காயவிடுங்கள். காலையில் அலசினால் வழுவழுவென்று இருக்கும், பின் நிற்காது. எண்ணெய் வேண்டாம், வேர்ப்பகுதியில் கண்டிஷனரும் வேண்டாம். உங்களுக்குத் தோள் அளவு முடி என்பதால் முழு ஜடையின் கனமும் சவுரியைப் பிடித்திருக்கிற இடத்தில்தான் விழும். எங்கே இழுக்கிறது என்று கேட்டால் பெண்கள் "பரவாயில்லைக்கா" என்பார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ட்ரையலில் லேசாகத் தெரிகிற இழுப்பு ரெண்டு மணி நேரத்தில் தலைவலியாகிவிடும்.

அலர்ஜி விஷயம். பொய் இமை ஒட்டுகிற பசையில் சிலதில் லேட்டெக்ஸ் இருக்கும். ரப்பர் கையுறை போட்டால் அரிக்கிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். பவுண்டேஷனையும் (முகம் முழுக்கப் பூசுகிற நிறப் பூச்சு) பசையையும் காதுக்குப் பின்னால் துளி தடவி ஒருநாள், முடிந்தால் ரெண்டு நாள் விட்டுப் பார்ப்பதுதான் சரியான முறை. "ட்ரையலே ஒரு டெஸ்ட்தானே" என்று முகம் முழுக்கப் பூசிப் பார்ப்பது முறையில்லை.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தது எப்போது, எழுந்தது எப்போது. அந்தக் கணக்கை முகூர்த்த நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட்டால் ஆர்ட்டிஸ்ட் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டவேண்டிய நேரம் வரும். பெரும்பாலும் அது எம்ஆர்டி ரயில் ஓடாத நேரமாகத்தான் இருக்கும். டாக்சியில் நள்ளிரவு 12 முதல் காலை 6 மணிக்குள் மீட்டருக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல். அந்தக் காசு யாருடையது என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

ஆடியில் வருகிறீர்கள், நல்லது. எங்களுக்கு அந்த மாதம் முகூர்த்தம் கிடையாது, நிதானமாகச் செய்வோம். தை, ஆவணி சனி ஞாயிறுகளில் ரெண்டு கல்யாணத்துக்கு நடுவில் ட்ரையல் கேட்பவர்களுக்கு அந்த நிதானம் கிடைக்காது.

---

வெளிச்சம்தேடி எழுதியது:

கல்யாணப் படம் எடுக்கிறவன் என்ற முறையில் என் பங்குக்குக் கொஞ்சம்.

ட்ரையலுக்கு வெள்ளைச் சட்டையோ கறுப்புச் சட்டையோ போட்டுப் போகாதீர்கள். கூறையின் நிறத்துக்குக் கிட்ட இருக்கிற ஏதாவது ஒன்று, கழுத்து இறக்கமும் ரவிக்கை அளவுக்கு. அரக்குப் பட்டு முகத்துக்குக் கொடுக்கிற நிறம் வேறு, வெள்ளைச் சட்டை கொடுக்கிறது வேறு.

முடிந்ததும் போனில் அழகுபடுத்துகிற மோடை முதலில் அணையுங்கள். பல போன்களில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், நமக்கே தெரியாது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு படம், வீட்டு மஞ்சள் விளக்கில் ஒன்று, கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு ஃப்ளாஷ் போட்டு ஒன்று. இந்தக் கடைசிப் படத்தை யாரும் எடுப்பதில்லை. சிலிக்கா கலந்த சில வெள்ளைப் பவுடர்கள் கண்ணுக்குத் தெரியாது, ஃப்ளாஷ் பட்டதும் கண்ணுக்குக் கீழே திட்டுத் திட்டாக வெளுப்பு அடிக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு உள்ள எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு) கிரீமும் இதே வேலையைச் செய்யும். ரிசப்ஷனில் உங்கள் மாமாக்கள் எல்லாரும் ஃப்ளாஷ் போட்டுத்தான் எடுப்பார்கள், நான் மட்டும் ஜாக்கிரதையாக இருந்து பிரயோசனமில்லை.

படத்தில் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். காது, கழுத்து, பிடரி, கை. தாலி கட்டும்போது நான் எடுப்பது பிடரியைத்தான்.

---

டேங் ரோடு மருமகள் எழுதியது:

எனக்குப் போன தையில் டேங் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் கல்யாணம். ட்ரையலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாம் பார்த்து, சூப்பர் என்று வீட்டுக்கு வந்துவிடுவோம் இல்லையா? கல்யாணத்தில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள்?

மணையில் உட்காரும்போது நீளச் சவுரி வைத்த ஜடையும் குஞ்சலமும் தரையில் இறங்கும். புடவையைச் சரிசெய்துகொண்டே உட்காருகிற அவசரத்தில் அதன்மேலேயே உட்கார்ந்துவிடுவோம். நிமிர்ந்தால் தலை பின்னால் இழுக்கும், எழுந்தால் இன்னும் மோசம். என் அக்காவுக்கு இது நடந்ததைப் பார்த்ததால் என் ட்ரையலில் ஆர்ட்டிஸ்ட் வீட்டு ஹாலில் பாய் போட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கே சிரிப்பு. ஆனால் ஜடையை ஒரு சாண் குறைத்தார்.

அதே மாதிரி குனிந்து கும்பிட்டுப் பாருங்கள். எத்தனை பெரியவர்கள் காலில் விழப்போகிறோம்! நெத்திச்சுட்டி அந்தக் குனிதலில்தான் பக்கவாட்டில் நழுவும். அப்புறம் தாலி. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் நாத்தனார் மற்ற முடிச்சைப் போடுவார். அந்த நேரத்தில் பிடரியில் மாலை, ஜடை, ஆரத்தின் கயிறு எல்லாம் ஒரே இடத்தில். ஜடையைத் தூக்கிப் பிடிப்பது யார், எந்தப் பக்கம் ஒதுக்கினால் பில்லை மஞ்சள் கயிற்றில் மாட்டாது என்று ஒருமுறை கைவைத்துப் பார்த்துவிட்டால் நல்லது.

கூறை மாற்றுகிற சடங்கு உங்களுக்கு உண்டா? உண்டென்றால் நடுவில் எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டு அவசரமாகத் திரும்பவேண்டும், ஐயர் காத்திருப்பார். அதைக் கட்டிவிடப்போவது ஆர்ட்டிஸ்டா, சித்தியா? ஆர்ட்டிஸ்ட் என்றால் அதுவரை இருப்பாரா, அதற்குத் தனிக் காசா? என் ஆர்ட்டிஸ்ட் முதல் புடவையோடு கிளம்புகிறவர். ட்ரையலில் கேட்டதால் தெரிந்தது, மண்டபத்தில் ஒன்பது கஜம் கையில் வைத்துக்கொண்டு முழிக்காமல் தப்பினேன்.

புகையை மறந்துவிட்டேன். நெய் விட விடக் கண் எரியும். மஸ்காராவும் மையும் தண்ணீரில் கரையாததாக இருக்கவேண்டும். ட்ரையல் அன்று வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினேன். நிஜமாகத்தான்.

---

சீப்பும் கண்ணாடியும் எழுதியது:

வெங்காயம்! இனி என் பெண்களுக்கும் சொல்கிறேன்.

புகை பற்றிப் பேசுவதால் ஒன்று. ஹேர் ஸ்ப்ரே தீப்பற்றக்கூடியது. அடித்து நன்றாகக் காய்ந்தபின் பயமில்லை. ஆனால் மணவறையில் ஹோமம் எரியும்போது பக்கத்திலிருந்து யாராவது "முடி பறக்குதே" என்று டப்பாவை எடுத்து அடிக்கக் கூடாது. தோழிகளிடம் சொல்லிவையுங்கள்.

---

ஆவணிப்பெண் எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை, நன்றி. கூறை மாற்றுவது எங்களுக்கு உண்டு. ஆர்ட்டிஸ்டிடம் கேட்டேன், இருப்பாராம், ஆனால் "கூடுதல் நேரத்துக்குத் தனி" என்றார்.

நிற விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா இதைப் படித்துவிட்டு, "மேடையில் விளக்கு போட்டால் கறுப்பாகத் தெரிவாய், ஒரு ஷேடு தூக்கிப் போடச் சொல்" என்கிறார். எனக்கு இஷ்டமில்லை.

---

மூன்று மகள் தாய் எழுதியது:

உடனே எல்லாரும் அம்மாவின் மேல் பாயாதீர்கள். நாங்கள் பார்த்த கல்யாணங்களில் பொண்ணு கறுப்பு என்று ஒரு பாட்டி சொல்லிவிட்டுப் போனால் அது வருஷக்கணக்கில் நிற்கும். அந்தப் பயம்தான் அம்மாவைப் பேச வைக்கிறது. ஒரு ஷேடு கூடினால் என்ன குடி முழுகிப்போகும்?

---

தோ பாயோ கருவாச்சி எழுதியது:

ஆன்ட்டி, மரியாதையோடு சொல்கிறேன், ஒரு ஷேடு கூடினால் முகம் மட்டும் தோசை மாவு பூசின மாதிரி நிற்கும். கழுத்தும் கையும் சொந்த நிறத்திலேயே இருக்கும். பிறகு கழுத்துக்குப் பூசுவார்கள், அது மாலையில் ஒட்டும், பட்டில் ஒட்டும், வேர்வையில் கோடு கோடாக இறங்கும். பாட்டி சொல்வதற்கு அப்போதுதான் ரெண்டு விஷயம் கிடைக்கும்.

ஆவணிப்பெண், ட்ரையலுக்கு முன்னால் உங்கள் நிறம் என்ன என்பதை நீங்களே தெரிந்துகொண்டு போங்கள். ஐயான் கடைத்தொகுதியில் இருக்கிற செபோராவிலோ மேக் கடையிலோ தாடையெலும்பில் மூன்று ஷேடு கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பிறகு கடை விளக்கில் முடிவெடுக்காமல் வெளியே பகல் வெளிச்சத்தில் வந்து பாருங்கள். எது கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு போய்விடுகிறதோ அதுதான் உங்களுடையது. மேக் கணக்கில் நம்மில் மஞ்சள் சாயல் உள்ளவர்களுக்கு என்சி வரிசை, ரோஜாச் சாயல் உள்ளவர்களுக்கு என்டபிள்யூ. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் ஆர்ட்டிஸ்ட் பெட்டியைத் திறந்ததுமே பேச்சு வேறு மாதிரி இருக்கும். நம் நிறத்துக்குக் கிடைக்கவில்லை என்ற சாக்கு முன்பு செல்லுபடியாகும். 2017இல் ஃபென்டி பியூட்டி ஒரே தடவையில் 40 ஷேடு இறக்கிய பிறகு மற்றக் கம்பெனிகளும் வரிசையை நீட்டிவிட்டன. பெட்டியில் நாலே நாலு ஷேடு வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரே நிறமாக்குகிறவருக்குத்தான் அது இன்னும் கிடைக்காது.

முகம் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் பெரும்பாலும் ஷேடு கறுப்பு வெளுப்பு பிரச்சினை கிடையாது, சாயல் மாறிப்போயிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கும் வெளிர் கன்சீலரை (கறையை மறைக்கிற பூச்சு) நேராகப் பூசினால் இதே சாம்பல்தான். முதலில் ஆரஞ்சுச் சாயலில் மெல்லிசாக ஒரு கரெக்டர், அதன்மேல் நம் நிறக் கன்சீலர்.

---

சீப்பும் கண்ணாடியும் எழுதியது:

கருவாச்சி சொன்னதற்கு ஒரு வரிகூட மறுப்பில்லை. மேடை விளக்கைப் பற்றி அம்மா பயப்படுவதற்கும் பதில் உண்டு. விளக்கில் முகம் தட்டையாகத் தெரியும், அதற்குக் கன்னம், மூக்கு, புருவ எலும்பில் வெளிச்சமும் நிழலும் கொடுக்கவேண்டும், லிப்ஸ்டிக்கை ஒரு படி அழுத்தமாக வைக்கவேண்டும். பவுண்டேஷனைத் தூக்கவேண்டியதில்லை.

ஆர்ட்டிஸ்டிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் வேலை தொடங்கும் முன்னாலேயே சொல்லுங்கள்: "என் கழுத்தோடு முகம் சேரணும், வெளுப்பு வேண்டாம்." முடித்தபிறகு சொன்னால் அவர் மேலே மேலே பூசிச் சரிசெய்யப் பார்ப்பார். தனியாக இன்னொன்று: தன்னுடைய ஃபில்டர் போட்ட படத்தைக் காட்டாமல் பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோ ஒன்று காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவர் காட்டிவிடுவார்.

---

பிடோக் பெரியம்மா எழுதியது:

நிறம் நிறம் என்று பேசுகிறீர்கள், மஞ்சளை யாரும் சொல்லவில்லையே. ட்ரையலுக்கு வருவது சாதாரண முகம். கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு வைத்து அத்தைமார்கள் அள்ளி அள்ளிப் பூசிவிடுவார்கள். மறுநாள் காலையில் முகம் மஞ்சளாக இருக்கும், ட்ரையலில் பொருந்திய ஷேடு பொருந்தாது. முகத்துக்குச் சும்மா தொட்டு வைத்துவிட்டு மிச்சத்தைக் கை காலில் பூசச் சொல். பூசினதும் காயவிடாமல் எண்ணெயோ காய்ச்சாத பாலோ பஞ்சில் தொட்டுத் துடைத்துவிடு. நலங்கு எந்த நாள் என்பதை ஆர்ட்டிஸ்டிடம் சொல்லிவை.

ட்ரையலுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் வெயிலில் போட்டோ ஷூட்டும் வேண்டாம். மரினா பராஜ் புல்வெளியில் நண்பகலில் நின்றால் கறுக்காமல் என்ன செய்யும்? புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுகிற நாள்கள் இங்கே உண்டு. சாயங்காலமாகப் போ.

இன்னொன்று, யாராவது "சீக்கிரம் வெளுக்கும்" என்று பேரில்லாத கிரீம் கொடுத்தால் குப்பையில் போடு. அப்படிப்பட்ட சில கிரீம்களில் பாதரசம் இருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது.

---

ஜூரோங் ஜோதி எழுதியது:

இங்கே ஆகிற செலவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஜேபியில் (ஜொகூர் பாரு) ஒரு அக்கா ரொம்ப நன்றாகச் செய்கிறார், பாதி விலைகூட இல்லை. ட்ரையலை அங்கே போய்ப் பார்த்துவிட்டு, கல்யாணத்தன்று அவரை இங்கே வரவழைத்தால் என்ன? என் தோழி சென்னையிலிருந்தே கூட்டி வரப்போகிறாளாம்.

---

பாலத்தைத் தாண்டாதே எழுதியது:

ட்ரையலுக்கு நீங்கள் ஜேபி போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அவர் சுற்றுப்பயணியாக இங்கே வந்து காசு வாங்கிக்கொண்டு மேக்கப் போடுவதுதான் பிரச்சினை. வேலை அனுமதி இல்லாமல் சிங்கப்பூரில் வேலை செய்வது குற்றம், வேலைக்கு வைக்கிறவர் மேலும் சட்டம் பாயும். மனிதவள அமைச்சுக்கு ஒரு புகார் போனால் மணப்பெண் வீட்டுக்கும் சேர்த்துத் தலைவலி. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நடுராத்திரி நெரிசலில் அவர் மாட்டிக்கொண்டால் உங்கள் முகூர்த்தம் என்னாகும் என்பதை நான் சொல்லவே தேவையில்லை.

செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் ரெண்டு முழு மேக்கப் எடுக்காமல், காலையில் ஒன்று, மாலையில் அதைத் துடைத்துத் தொட்டுவிட்டு உதடும் கண்ணும் மட்டும் மாற்றுவது. தாங்குமா என்பது ட்ரையலன்று இரவுவரை கலைக்காமல் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

---

சூலியா தெரு எழுதியது:

எங்களுக்கு நிக்காஹ்தான், இருந்தாலும் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது, நானும் சொல்லிவிடுகிறேன். ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்தபிறகு மேக்கப் தொடங்கும்படி நேரத்தை வையுங்கள். தண்ணீர் உள்ளே போகாத மேக்கப்போடு மறுபடி ஒளு செய்ய முடியாது, எல்லாவற்றையும் கலைக்கவேண்டும். தொழுகை நேரத்தை ஆர்ட்டிஸ்டிடம் முன்பே சொல்லிவிட்டால் நல்லது. ஹிஜாப் கட்டுகிறவர்கள் கல்யாணத்துக்குக் கட்டப்போகிற அதே துணியைத்தான் ட்ரையலுக்கும் கொண்டு போகவேண்டும். ஷிஃபான் தாடையில் உரசுகிற இடத்தில் பவுண்டேஷன் முழுக்கத் துணிக்கு வந்துவிடும். என் ஆர்ட்டிஸ்ட் அந்த ஓரத்தில் மட்டும் மெல்லிசாகப் போட்டுப் பவுடரை அழுத்தி வைத்தார், நின்றது.

---

ஓஃபிர் சாலை எழுதியது:

சர்ச் கல்யாணத்துக்கும் அதே கதை. வெள்ளைப் புடவையின் கழுத்தோரம் பழுப்பாகிவிடும். தலையில் போடுகிற நெட்டும் கிரீடமும் ட்ரையலுக்குக் கட்டாயம். புடவை மாற்றும்போது சட்டை தலைவழியாகக் கழற்றாதபடி முன்னால் பட்டன் வைத்ததாகப் போடுங்கள், இது எல்லா மதத்துக்கும் பொருந்தும் 😄

---

பஃப்ளோ ரோடு மல்லி எழுதியது:

பூ பற்றி யாரும் பேசாததால் வந்தேன், எங்கள் வீட்டில் பூ கட்டுகிறவர்கள். ட்ரையலுக்கு நிஜப் பூ ஜடை வேண்டாம், காசு வீண். ஆனால் தேக்கா சந்தையில் ரெண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். நிறைய வைத்தால் கனம் எங்கே இறங்குகிறது, நெருக்கமாகக் கட்டினது நன்றாக இருக்கிறதா, கதம்பமா என்பதெல்லாம் தெரியும். பூவின் வாசனை தலைவலி கொடுக்கிறவர்களும் உண்டு, மூடின ஏசி அறையில்தான் அது தெரியும்.

பூவுக்குத் தண்ணீர் தெளித்துத்தான் கொடுப்போம். அப்படியே தலையில் வைத்தால் சொட்டு சொட்டாகப் பட்டு ரவிக்கையின் முதுகில் இறங்கிக் கறை போடும். நன்றாக உதறி, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள். முந்தின இரவே வாங்கினால் ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். மேலே ஃப்ரீசரில் வைத்தால் காலையில் கறுத்திருக்கும்.

ஞாயிறு சாயங்காலம் வந்து நிதானமாகப் பேசலாம் என்று வராதீர்கள், நிற்கவே இடம் இருக்காது. வார நாள் காலையில் வாங்க.

---

ஆவணிப்பெண் எழுதியது:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு எதிரே இருக்கிற முகமே தெரியாது, ட்ரையலில் நான் எதைப் பார்த்துச் சரி சொல்வது? அப்புறம், ட்ரையல் பிடிக்கவில்லை என்றால் முன்பணம் போச்சா?

---

சீப்பும் கண்ணாடியும் எழுதியது:

கான்டாக்ட் லென்ஸ் போடுவதாக இருந்தால் இன்றைக்கே கண்ணாடிக் கடைக்குப் போய் அளவு எடுத்துப் பழக ஆரம்பியுங்கள். முதல் தடவையாக லென்ஸ் போடுவதைக் கல்யாணத்தன்று வைத்துக்கொள்ளாதீர்கள், ட்ரையலன்றும் வேண்டாம். மேக்கப்புக்கு முன்னால் லென்ஸ், கலைப்பதற்கு முன்னால் லென்ஸை எடுப்பது. ஹோமப் புகைக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து லென்ஸுக்கு ஏற்றதா என்று அங்கேயே கேட்டு வாங்குங்கள். லென்ஸே வேண்டாம் என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பாருங்கள். முகூர்த்தத்துக்குக் கண்ணாடியோடு உட்காருகிற பெண்களும் உண்டு. அப்படியென்றால் கண்ணாடியோடுதான் ட்ரையல், நீள இமை ஒட்டினால் கண்ணாடியில் இடிக்கும்.

---

பாலத்தைத் தாண்டாதே எழுதியது:

முன்பணம் நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் பொறுத்தது. வாட்ஸ்அப் செய்தியை எல்லாம் தேடிப் பாருங்கள், "திருப்பித் தரப்படாது" என்று எழுதியிருக்கிறாரா, ட்ரையல் காசு மொத்தத்தில் கழியுமா, அவரே வருவாரா அல்லது உதவியாளரை அனுப்புவாரா. எழுதாமல் விட்டதை ட்ரையலுக்கு முன்னால் ஒரு செய்தியில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். சொன்ன சேவையைத் தராமல் ஏமாற்றினால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கேட்கலாம். ஆனால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்காக மட்டும் அங்கே போய் நிற்பது கஷ்டம். ட்ரையலில் பேசித் திருத்திக்கொள்வதுதான் நடக்கிற காரியம். ரெண்டு மூன்று இடத்தைத் திருத்தச் சொல்லியும் முகம் சுளிக்கிறவரோடு விடியற்காலை மூன்று மணிக்கு ஒரே அறையில் இருக்கமுடியுமா என்று மட்டும் யோசியுங்கள். முடியாதென்றால் முன்பணம் போனால் போகட்டும்.

---

மூன்று மகள் தாய் எழுதியது:

என் கடைசி மகளுக்கு மாசியில் கல்யாணம். மார்கழியில் ட்ரையல் போடச் சொல்லியிருக்கிறேன். நிறத்தைப் பற்றி அவளே பேசிக்கொள்ளட்டும், நான் வாய் திறக்கப்போவதில்லை. கருவாச்சி, சந்தோஷமா?

---

தோ பாயோ கருவாச்சி எழுதியது:

ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி. அழைப்பிதழ் அனுப்புங்கள்.

---

டேங் ரோடு மருமகள் எழுதியது:

ஆவணிப்பெண், ட்ரையலுக்கு யாரைக் கூட்டிப்போகிறீர்கள்? கூட்டம் சேர்க்காதீர்கள், ஆளுக்கு ஒரு கருத்து சொல்வார்கள். உங்களைப் போட்டோவில் அடிக்கடி பார்த்த ஒருவர் போதும். முடிந்தால் முடிச்சுப் போடப்போகிற நாத்தனாரைக் கூட்டிப்போங்கள்.

---

ஆவணிப்பெண் எழுதியது:

நாத்தனார் பினாங்கில் இருக்கிறார். வீடியோ காலில் வரச் சொல்லியிருக்கிறேன், ஜடையைப் பிடிப்பது அண்ணி. பாயும் எடுத்துப்போகிறேன், ஆர்ட்டிஸ்ட் வீட்டில் இருக்குமோ என்னவோ.